எலும்பைக் கரைக்கும் ஓலை

எலும்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் உயிரற்ற ஒரு பொருளே நம்மில் பலருடைய மனக்கண்முன் தோன்றுகிறது. கல்லூரி ஆய்வுக்கூடத்தின் மூலையிலே கம்பியில் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பழகிய கண்களின் குற்றம் அது. அந்தக் கூட்டிலே 206 எலும்புகளை எண்ணிக் கற்கிறோம். பெயர்களை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் நம் உடலுக்குள் இருக்கும் எலும்பு அந்தக் கூட்டைப் போன்றதன்று. அதிலே குருதி ஓடுகிறது, நரம்பு செல்கிறது, உயிரணுக்கள் வாழ்கின்றன. ஒவ்வொரு நாளும் அதன் ஒரு பகுதி இடிக்கப்படுகிறது. மற்றொரு பகுதி கட்டப்படுகிறது. வளர்ந்த மனிதர் ஒருவருடைய எலும்பிலே, ஓராண்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வீடு பழுதானால், குடியிருப்பவரை வெளியேற்றிவிட்டு இடித்துக் கட்டுகிறோம். எலும்பு விஷயத்தில் அப்படிச் செய்ய இயலாது. குடியிருப்பவர் உள்ளேயே நடமாடிக்கொண்டிருக்க, பழைய செங்கல்லை எடுப்பதும் புதிய செங்கல்லை வைப்பதுமாக வேலை இரவும் பகலும் நடந்தாக வேண்டும். இடிப்பவர்களும் கட்டுபவர்களும் ஒருவர் வேலையை ஒருவர் அறிந்து நடந்துகொள்ளும் வரையில் நமக்கு இதைப் பற்றி யாதொரு செய்தியும் தெரிவதில்லை. அந்த ஒழுங்கு குலையும்போதுதான் எலும்பு என்று ஒன்று இருப்பதே நம் நினைவுக்கு வருகிறது. அவ்வொழுங்கு குலைவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அழற்சி ஒன்றை மட்டுமே இன்று எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

அழற்சி என்பது புதிய சொல்லாகத் தோன்றினாலும் பொருள் பழையதே. காலில் முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறதே, அதுதான் அழற்சி. நோய்க்கிருமிகளை எதிர்த்து வெள்ளணுக்கள் நடத்தும் போரின் வெளித்தோற்றம் அது. போர் முடிந்தால் வீக்கமும் வடிந்துவிடும். சிலருடைய உடலிலோ அந்தப் போர் முடிவதே இல்லை. முடக்குவாதம் என்னும் நோயிலே பகைவன் என்று ஒருவனும் வெளியிலிருந்து வராதபோதே வெள்ளணுக்கள் மூட்டுகளில் கூடி, சொந்த உடலையே பகையாக எண்ணிப் போர் தொடுக்கின்றன. மக்களில் நூறு பேருக்கு ஒருவர் அல்லது இருநூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களையே இது இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. காலையில் எழுந்தவுடன் விரல்கள் மடங்க மறுக்கும். குடத்தைத் தூக்க இயலாது. பொத்தானைப் போட இயலாது. மருந்தின்றி நாளாக ஆக, விரல்களின் வடிவமே மாறிவிடும்.

அந்த விரல்களை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால், மூட்டின் ஓரத்திலே எலும்பு சிறிது சிறிதாகக் குடைந்தெடுக்கப்பட்டிருப்பது தெரியும். பழைய ஏட்டுச் சுவடியின் ஓரத்தைச் செல் அரித்தாற் போன்ற தோற்றம். தமிழிலே கறையானுக்குச் செல் என்று ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்திலிருந்து வந்த செல் என்ற சொல்லை உயிரணுவுக்கும் வழங்குகிறோம். எலும்பை அரிப்பதும் ஒரு செல்லே என்பதைப் பின்னர்ச் சொல்லும்போது, இந்தச் சிலேடை தற்செயலாக எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது என்பதை நீங்களே காண்பீர்கள்.

முடக்குவாதம் நமக்குத் தொலைவில் உள்ளது என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டிலுள்ள முதியவர்களின் பல்லைக் கேட்டுப் பார்க்கலாம். பல்லின் வேரைச் சுற்றிப் படியும் அழுக்கிலே கோடிக்கணக்கான கிருமிகள் குடியேறுகின்றன. ஈறு அழற்சி கொள்கிறது, சிவக்கிறது, குருதி கசிகிறது. பல ஆண்டுகள் கழித்துப் பல் ஆடத் தொடங்குகிறது. ஒரு நாள் விழுந்தும் விடுகிறது. அந்தப் பல்லை எடுத்துப் பாருங்கள், பல நேரங்களில் அதில் சொத்தை ஒன்றும் இராது. பல் கெட்டு விழவில்லை. அதைப் பற்றிக்கொண்டிருந்த தாடையெலும்பு கரைந்துபோய்விட்டது. தூணில் குற்றமில்லை, தரைதான் போயிற்று.

மூட்டிலும் தாடையிலும் எலும்பைத் தின்றது யார்? வீங்கிய தசையின் அழுத்தத்தினால் எலும்பு தேய்கிறது என்று எண்ணியவர்கள் உண்டு. கிருமிகளே கரைக்கின்றன என்று எண்ணியவர்களும் உண்டு. இரண்டும் கேட்பதற்கு இயல்பாகவே தோன்றும். ஆனால் எலும்பை அரிப்பது நோயன்று, கிருமியும் அன்று. நாள்தோறும் முறையாகப் பழைய எலும்பை இடித்துக்கொண்டிருக்கும் நம்முடைய சொந்த உயிரணுவே அது. அதற்குப் புதிய வலிமை ஒன்றும் வந்துவிடவில்லை. புதிய தொழில் ஒன்றும் அது கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்கு வரச் சொல்லி அனுப்பப்படும் ஓலை மட்டும் அளவுக்கு மீறி வந்துகொண்டிருக்கிறது. அந்த ஓலையைத் தேடிக் கண்டுபிடித்த வரலாறே இந்தப் பேச்சின் பொருள்.

முதலில் இடிக்கும் உயிரணுவை அறிமுகம் செய்துகொள்வோம். 1873-ஆம் ஆண்டில் கோலிக்கர் என்ற அறிஞர், எலும்பின் மேலே சிறு பள்ளங்களில் அமர்ந்திருக்கும் பேருருவம் கொண்ட உயிரணுக்களை ஆராய்ந்து, எலும்பை உடைப்பது என்ற பொருள்பட ஒரு கிரேக்கப் பெயரைச் சூட்டினார். இன்று ஆஸ்டியோகிளாஸ்ட் என்று வழங்குவது அதுவே. கட்டும் உயிரணுவுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட் என்று பெயர். இரண்டு பெயர்களும் ஓரெழுத்தளவே வேறுபட்டுச் செவியைக் குழப்புவதால், கரைக்கும் அணு, கட்டும் அணு என்றே நான் சொல்லிக்கொள்ளப் போகிறேன்.

சாதாரண உயிரணுவுக்குக் கரு ஒன்றே. கரைக்கும் அணுவுக்கோ ஐந்து, பத்து, இருபது என்று பல கருக்கள் இருக்கும். காரணம், அது பிறக்கும்போதே அவ்வாறு பிறப்பதில்லை. எலும்பு மச்சையில் தோன்றிக் குருதியில் திரியும் ஒருவகை வெள்ளணுக்கள் பல ஒன்றாகக் கூடி, சுவர் நீங்கிக் கலந்து, ஒரே உடலாகின்றன. இங்கே ஒன்றை மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும். கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கணுக்கள் எந்தக் குலத்தில் பிறந்தவையோ, அதே குலத்தில் பிறந்ததே கரைக்கும் அணுவும். கட்டும் அணு வேறு குலத்தது. காவற்படையும் இடிக்கும் படையும் உடன்பிறப்புகள் என்பது, பின்னர் நேரும் குழப்பத்துக்கெல்லாம் வித்து.

அது எலும்பைக் கரைக்கும் முறை வியக்கத்தக்கது. எலும்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் சுண்ணாம்புச் சத்து அடங்கிய கனிப்பொருள். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழை. கரைக்கும் அணு எலும்பின்மேல் குப்புறப் படுத்து, தன் விளிம்பை வட்டமாக அழுத்தி ஒட்டிக்கொள்கிறது. அந்த வட்டத்துக்குள் அகப்பட்ட சிறு இடத்தில் அமிலத்தைச் சுரக்கிறது. அங்குள்ள பி.எச். அளவு ஏறக்குறைய 4.5, தக்காளிச் சாற்றின் புளிப்புக்கு ஒப்பானது. அமிலத்தில் கனிப்பொருள் கரைந்ததும், கதெப்சின்-கே என்ற நொதி புரத இழைகளை அறுத்துவிடுகிறது. இப்படி ஒரு பள்ளம் தோண்ட இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதே பள்ளத்தைக் கட்டும் அணுக்கள் நிரப்புவதற்கோ மூன்று நான்கு மாதங்கள் வேண்டும். இடிப்பது எளிது, கட்டுவது அரிது என்பது எலும்பிலும் உண்மையாயிற்று. ஆகவே இடிப்பவர்களின் தொகை சிறிது கூடினாலும் கட்டுபவர்களால் ஈடு கொடுக்க முடியாது.

இனி ஓலையைத் தேடியவர்களின் கதைக்கு வருகிறேன். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஜான் ஹார்ட்டன், லாரன்ஸ் ரெய்ஸ் முதலியோர் ஒரு சோதனை செய்தார்கள். மனிதக் குருதியிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, பல்லில் படியும் அழுக்கிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு அவற்றைச் சினமூட்டினார்கள். பின்னர் வெள்ளணுக்களை விலக்கிவிட்டு, அவை வளர்ந்த நீரை மட்டும் எலிக்கருவின் எலும்பின்மீது விட்டார்கள். எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து வெளியேறிற்று. கரைக்கும் அணுக்கள் பெருகின. அங்கே கிருமி இல்லை, வீக்கம் இல்லை, அழுத்தம் இல்லை, வெள்ளணுக்கூட இல்லை. வெள்ளணு விட்டுச்சென்ற நீரே போதுமானதாக இருந்தது. அந்த நீரில் கரைந்திருந்த ஏதோ ஒரு பொருள் செய்தியைச் சுமந்து வந்தது என்பது ஐயமற விளங்கிற்று. பல்லைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எலும்பியலுக்கே புதிய வாயிலைத் திறந்துவிட்டார்கள்.

அப்பொருள் இன்னதென்று பிரித்தறியப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. 1985-இல் அதன் முக்கியமான பகுதி, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதமே என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு டி.என்.எப். என்ற மற்றொரு அழற்சிப் புரதமும் எலும்பைக் கரைக்கச் செய்கிறது என்று கண்டார்கள். கதை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. கரைக்கும் அணுவாக மாறக்கூடிய வெள்ளணுக்களைத் தனியே வளர்த்தால், அவை கரைக்கும் அணுக்களாக மாறவே இல்லை. யாரோ ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்று 1981-ஆம் ஆண்டிலேயே ரோடான், மார்ட்டின் என்ற இருவர் ஊகித்துச் சொல்லியிருந்தார்கள். இடிப்பவனுக்கு ஆணை தருபவன் கட்டுபவனே என்பது அவர்கள் கருத்து. கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், பழைய சுவரை எங்கே இடிக்க வேண்டும் என்று கொத்தனார்தானே கூலியாளுக்குக் காட்டுகிறார்! 1988-இல் டோக்கியோவில் சுடா, தகஹாஷி ஆகியோர் இதைச் செய்தே காட்டினார்கள். சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கட்டும் அணுக்களோடு ஒரே கலத்தில் சேர்த்து வளர்த்தபோது கரைக்கும் அணுக்கள் தோன்றின. இரண்டுக்கும் இடையே, நீர் புகும் ஆனால் உயிரணு புகாத மெல்லிய தாள் ஒன்றை வைத்தபோது தோன்றவில்லை. இந்தச் சோதனையின் எளிமையை நான் மிகவும் போற்றுகிறேன். இடையே வைத்த ஒரு தாள் எவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லிவிட்டது! அந்த இறுதி ஆணை, காற்றிலே கூவி அறிவிக்கும் பறையன்று. கையோடு கை கொடுத்து வாங்க வேண்டிய ஓலை. கட்டும் அணுவின் மேனியிலே அது பொருந்தியிருக்கிறது. தொட்டவனுக்கே அது கிடைக்கும்.

ஓலையைக் கண்டுபிடிப்பதற்குமுன், அதைத் தட்டிப் பறிக்கும் ஒருவனைக் கண்டுபிடித்தார்கள் என்பது இந்த வரலாற்றின் சுவையான பகுதி. 1997-இல் அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனத்தார், இன்ன தொழில் என்று அறியப்படாத புரதங்களைச் சுண்டெலிகளின் உடலில் மிகுதியாகச் சுரக்கச் செய்து என்ன நேர்கிறது என்று பார்த்துவந்தார்கள். ஒரு புரதம் மிகுந்த எலிகளுக்கு எலும்பு அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தது. அதே ஆண்டில் ஜப்பானிலே ஸ்னோ பிராண்ட் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கரைக்கும் அணு தோன்றாமல் தடுக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டும் ஒன்றே. எலும்பைக் காப்பது என்ற பொருளில் ஆஸ்டியோபுரோடிஜெரின் என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. அது ஓலை வாங்குபவனைப் போலவே கையை நீட்டி, வந்த ஓலையைப் பெற்றுக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் போலி ஆள். போலி ஆளின் கையில் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்த்தபோது, 1998-இல், இரு குழுவினருக்கும் உண்மையான ஓலையே கிடைத்துவிட்டது.

அதை எடுத்துப் பார்த்தால், முந்திய ஆண்டிலேயே வேறு துறையார் அதற்குப் பெயரிட்டிருந்தனர்! வெள்ளணுக்கள் ஒன்றோடொன்று பேசும் முறையை ஆராய்ந்தவர்கள், எலும்பைப் பற்றிய எண்ணமே இன்றி அதனைக் கண்டிருந்தார்கள். ஆக, ஒரே பொருளுக்கு நான்கு பெயர்கள் ஏற்பட்டன. அருச்சுனனுக்குப் பத்துப் பெயர் உண்டென்பார்கள். அத்தனை இல்லாவிட்டாலும் மாணவர்களைத் திணற அடிக்க இவை போதும். இன்று நிலைத்திருக்கும் பெயர் ராங்க்-எல். அதனை ஏற்கும் வாயில், அதாவது வெள்ளணுவின் மேனியில் நீண்டிருக்கும் கை, ராங்க் எனப்படும்.

ஸ்னோ பிராண்ட் நிறுவனம் உண்மையில் ஒரு பால் நிறுவனம். பாலுக்கும் எலும்புக்கும் உள்ள உறவு சுண்ணாம்புச் சத்தோடு முடிந்துவிடவில்லை என்பது இரண்டாண்டுகளில் தெரிந்தது. ராங்க்-எல் இல்லாத சுண்டெலிகளைக் கனடாவில் பென்னிங்கர் என்பவருடைய குழுவினர் உண்டாக்கி 1999-இல் அறிவித்தார்கள். அவற்றின் உடலில் கரைக்கும் அணு ஒன்றுகூட இல்லை. எலும்பு கல்லைப் போல் இறுகி, மச்சைக்கு இடமின்றி அடைத்துக்கொண்டது. தாடையெலும்பு வழிவிடாமையால் பல் முளைக்கவில்லை. இவை எதிர்பார்த்தவையே. ஆனால் அவ்வெலிகளுக்கு நிணநீர்க் கணுக்களும் இல்லை. காவற்படை தங்கும் பாளையமே உருவாகவில்லை. கருவுற்ற பெண் எலிகளுக்குப் பால் சுரக்கும் சுரப்பி வளரவில்லை என்று மறு ஆண்டு கண்டார்கள். சிக்கனமான குடும்பத்தில் ஒரே செம்பு தண்ணீர் மொள்ளவும், பால் கறக்கவும், அரிசி அளக்கவும் பயன்படுவதுபோல, உடல் ஒரே ஓலையை மூன்று இடங்களில் மூன்று காரியங்களுக்குப் பயன்படுத்துகிறது. காவற்படை எழுதும் ஓலையும் எலும்பில் எழுதப்படும் ஓலையும் ஒரே எழுத்தில் இருந்தால், ஒருவருக்கு எழுதியதை மற்றொருவர் படித்துவிட மாட்டாரா? அழற்சியில் நடப்பது அதுவே.

ஓலை கைக்கு வந்தபின் உயிரணுவுக்குள் என்ன நிகழ்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே உள்ள ராங்க் என்ற கையை ராங்க்-எல் பற்றியதும், அந்தக் கையின் உட்புற நுனியில் டிராஃப்-6 என்ற புரதம் வந்து ஒட்டுகிறது. வாயிற்காவலன் என்று அதனைச் சொல்லலாம். அவன் தரும் குறிப்பால், உயிரணுவின் நடுவிடத்திலே கட்டுண்டு கிடக்கும் என்.எப்.-கப்பா-பி என்ற புரதம் விடுதலை பெற்றுக் கருவுக்குள் புகுகிறது. கருவிலே பல மரபணுக்கள் விழித்தெழுகின்றன. அவற்றுள் தலைமையானது என்ஃபேட்-சி1 என்ற புரதத்தை ஆக்கும் மரபணு. டோக்கியோவில் தகயனாகி முதலியோர் 2002-இல் இதன் தலைமையை நிறுவினார்கள். இந்தப் புரதத்துக்கு ஒரு தனிப் பண்பு உண்டு. அது தன் சொந்த மரபணுவையே மேலும் மேலும் தட்டி எழுப்பித் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. ஓரளவுக்கு மேல் போனால், பின்வாங்குதல் இல்லை. உயிரணுக்கள் கூடிக் கலக்கின்றன, அமிலம் சுரக்கும் பொறிகள் அமைகின்றன, கதெப்சின்-கே உண்டாகிறது. ஒரு வெள்ளணு தன் பிறவிக் குணத்தையே மாற்றிக்கொண்டுவிட்டது.

சாதாரண நாட்களில் ராங்க்-எல் அளவாகவே எழுதப்படுகிறது. போலி ஆளாகிய ஆஸ்டியோபுரோடிஜெரினும் வேண்டிய அளவு இருந்து மிகையானவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அழற்சி வந்ததும் நிலைமை மாறுகிறது. மூட்டின் உட்சவ்விலுள்ள உயிரணுக்கள், எலும்போடு தொழில்முறைத் தொடர்பு ஏதும் இல்லாதவை, இன்டர்லூக்கின்-1, டி.என்.எப்., இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-17 ஆகியவற்றின் தூண்டுதலால் ராங்க்-எல் எழுதத் தொடங்குகின்றன. டி-அணுக்கள் என்னும் வெள்ளணுக்களும் எழுதுகின்றன. டி.என்.எப். ஒரு கொடுமையான உதவியாளன். தனியே அதனால் ஆவது குறைவு. ஆனால் ராங்க்-எல் ஒரு துளி இருந்துவிட்டால், அந்தத் துளியோடு சேர்ந்து அது வெள்ளம்போல் கரைக்கும் அணுக்களைத் தோற்றுவிக்கிறது என்று 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்டர்லூக்கின்-1, தோன்றிய கரைக்கும் அணு விரைவில் மடியாதபடி அதன் வாழ்நாளை நீட்டுகிறது. இவ்வளவும் போதாதென்று, டி.என்.எப். தூண்டும் டி.கே.கே.-1 என்ற மற்றொரு புரதம் கட்டும் அணுக்களின் கையைக் கட்டிப்போடுகிறது. முடக்குவாதத்தில் அரிக்கப்பட்ட பள்ளம் ஏன் நிரம்புவதே இல்லை என்ற பழைய வினாவுக்கு, 2007-இல் கிடைத்த விடை இது.

இவை எல்லாம் ஒரே நெருப்பின் வேறு வேறு சுடர்கள்தாமே, அழற்சி இருந்தால் எலும்பு கரையத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறன்று என்பதை நிறுவிய இரண்டு சோதனைகளே இத்துறையின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். 1999-இல் பென்னிங்கர் குழுவினர், மூட்டழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆஸ்டியோபுரோடிஜெரினைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டின் வீக்கம் வீங்கியபடியே இருந்தது; எலும்போ அழியாமல் நின்றது. 2001-இல் வேறொரு குழுவினர், ராங்க்-எல் இல்லாத சுண்டெலிகளுக்கு மூட்டழற்சியை உண்டாக்கினார்கள். மற்ற எலிகளைப் போலவே அவற்றின் மூட்டுகளும் வீங்கின. எலும்பு அரிப்பு மட்டும் மிகவும் அற்பமாகவே இருந்தது. வீட்டுக்குள் தீ எரிகிறது, சுவர் இடியவில்லை. தீ வேறு, சுவரை இடிக்க வரும் ஆணை வேறு. ஆணையை நிறுத்தினால் தீயை அணைக்காமலே சுவரைக் காக்கலாம்.

இதன் மறுபக்கத்தை மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கு முன்னரே துன்பத்தோடு கண்டிருந்தது. 1948-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற மருந்தைச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது; 1950-இல் ஹென்ச்சும் உடனுழைத்தவர்களும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் நீண்ட நாள் அம்மருந்தை உண்டவர்களின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் மெலிந்து முறியலாயின. அழற்சியைத் தணித்த மருந்தே கட்டும் அணுக்களை மடியச் செய்து, உடல் முழுவதிலும் எலும்பைக் குறைத்தது. தீ அணைந்தது, சுவர் போயிற்று. வலி நீங்கியவரைப் பார்த்து மருந்தை நிறுத்து என்று சொல்வதும் கடினம், தொடரச் சொல்வதும் கடினம். இந்த இக்கட்டில் எத்தனை குடும்பங்கள் தவித்திருக்கும்!

ஆகவே ஓலையைக் குறிபார்த்து நிறுத்தும் மருந்துகள் வேண்டியிருந்தன. லண்டனில் மார்க் ஃபெல்ட்மன் என்பவரும், இந்தியாவில் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி என்பவரும், 1992-இல் டி.என்.எப். புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை முதன்முதலாக இருபது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கமும் வலியும் விரைந்து தணிந்தன. 2000-ஆம் ஆண்டில் 428 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு வெளிவந்தபோது மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. மருந்தினால் வீக்கம் அவ்வளவாகக் குறையாதவர்களிடத்திலும் எலும்பு அரிப்பு நின்றிருந்தது. எலிகளிடம் கண்டது மனிதரிடமும் உண்மையாயிற்று.

ராங்க்-எல்லையே பிடிக்கும் எதிர்ப்பொருள் டெனோசுமாப் எனப்படும். இயற்கை படைத்த போலி ஆளைப் பார்த்து மனிதன் செய்த போலி ஆள் அது. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு மெலிவுக்காக அமெரிக்காவில் 2010-இல் அது ஏற்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி. முடக்குவாத நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து ஆராய்ந்தவர்கள் 2008-இல் தந்த முடிவு, நான் மேலே சொன்னவற்றோடு அச்சாகப் பொருந்துகிறது. எலும்பு அரிப்பு குறைந்தது. மூட்டின் வீக்கமும் வலியும் குறையவில்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பின் தேய்வும் நிற்கவில்லை. ஏனெனில் குருத்தெலும்பை அழிப்பவை வேறு நொதிகள், அவை ராங்க்-எல்லுக்காகக் காத்திருப்பதில்லை. ஜப்பானில் 2017-இல் முடக்குவாதத்தின் எலும்பு அரிப்புக்கு இம்மருந்து ஏற்கப்பட்டபோதும், அழற்சியைத் தணிக்கும் மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பதற்கே ஏற்கப்பட்டது.

இம்மருந்தை இடையில் நிறுத்துவதில் ஓர் இடர் உண்டு. ஊசியை நிறுத்தி, வேறு மருந்தும் தொடராவிட்டால், சேர்த்த எலும்பு ஓரிரு ஆண்டுகளில் விரைந்து கரைந்துவிடுகிறது. சிலருக்கு முதுகெலும்பில் பல இடங்களில் முறிவும் நேர்கிறது. ஓலை வராத காலத்தில் கரைக்கும் அணுக்கள் மடிந்துபோயின என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 2021-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து ஆய்வாளர்கள், உயிருள்ள சுண்டெலியின் எலும்பை நுண்ணோக்கியின் வழியே நேராகப் பார்த்தார்கள். கரைக்கும் அணுக்களிற் பல மடியவில்லை. பெரிய உடல் பிளந்து சிறு சிறு உயிரணுக்களாகிப் பிரிந்து, மச்சையிலும் குருதியிலும் திரிந்தன. பின்னர் மீண்டும் கூடிப் பழைய உருவை அடைந்தன. ராங்க்-எல்லைத் தடுத்துவைத்த எலிகளில் இந்தச் சிற்றணுக்கள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்திருந்தன. தடையை எடுத்ததும், காத்திருந்தவை எல்லாம் ஒருங்கே கூடி எலும்பின்மேல் அமர்ந்தன. ஊசியை நிறுத்தும் நாளில் அவற்றை எவ்வாறு கூடவிடாமல் கலைப்பது என்பதே இப்போது ஆய்வாளர்களின் கையில் உள்ள வேலை.